அமாவாசைக்கு வந்த ஆபீசரம்மா

விடிந்த பிறகும் வீதியில் ஒரு தறிகூட ஓடவில்லை.

போன வாரம் ரங்காத்தாளைத் தூக்கம் வராமல் பாயில் புரண்டுகொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். கோழி கூவும் நேரத்துக்குத்தான் கண் அயர்ந்தாள், பாவம். எழுந்து உட்கார்ந்ததும் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பல்லடம் ரோட்டிலிருந்து பிரிந்து வரும் அந்த வீதியில் தறிச் சத்தம் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தத் தடதடப்பில்தான் பிள்ளைகள் தூங்கும். புருஷன் திட்டுவது பெண்டாட்டி காதில் விழாமல் போவதும், பெண்டாட்டி முணுமுணுப்பது மாமியார் காதில் விழாமல் போவதும் அதனால்தான். அங்கே பல குடும்பங்கள் பிரியாமல் இருப்பதற்குத் தறிக்குத்தான் கும்பிடு போட வேண்டும்.

அன்றைக்கு அடுத்த வீட்டில் சாமியப்பன் இருமிய இருமல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அமாவாசை.

அந்தப் பக்கத்துத் தறிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அமாவாசைதான் ஞாயிறு. தறி நின்றால், தறிக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றும் பெண்கள் வேலைக்குப் போகமாட்டார்கள். அம்மா வீட்டில் இருந்தால் பிள்ளை ஏன் காப்பகத்துக்கு வருகிறது? பிள்ளைகளுக்குச் சர்க்கார் சாப்பாடு தரலாமா என்று சோதிக்க அன்றைக்கு வரும் ஆபீசரம்மா பார்க்கப் போவது காலிக் குடோனும் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியும்தான்.

இடையில் ஊருக்குப் போய் வந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ரங்காத்தாளின் புருஷன் மயில்சாமி மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. 'இனி அந்தப் பொண்ணு பொங்கலூருக்கு, பொறந்த ஊட்டுக்குத்தான் போகும்' என்று வீதியே தீர்மானம் போட்டு வைத்திருந்தது. அவள் போகவில்லை. கணவனின் அண்ணன் சிவசுப்பிரமணியத்திடம் பழைய நூல் குடோனைக் கேட்டு வாங்கி, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பலகையில் எழுதியிருப்பது குழந்தைகள் காப்பகம். வீதியில் அதற்கு, ஆட்டுப்பட்டி கணக்காக, வழங்கும் பெயர் புள்ளப்பட்டி.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தூக்குப்போசியோடு வரும். சில போசிகளில் கஞ்சி இருக்கும். சிலவற்றில் கஞ்சியின் தண்ணீர் இருக்கும். ஒன்றிரண்டில் மூடி மட்டும் இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் ரங்காத்தாள் நிறைந்ததை எடுத்துக் குறைந்ததில் ஊற்றுவாள். 'எம்புள்ளை கஞ்சி ஏனுங்க வரவர எளப்பமா இருக்குது' என்று நல்லம்மாள் ஒருநாள் கேட்டபோது, வெயிலுக்குங்க என்று சொல்லிச் சமாளித்தாள். வெயிலில் கஞ்சி கெட்டியாகத்தான் ஆகும் என்பது நல்லம்மாளுக்குத் தெரியாதா என்ன.

போன மாதம் சுப்பாத்தாளின் சின்னது மத்தியானம் படுத்தது. சாயங்காலம் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் கண்ணைத் திறந்தது. அன்றைக்கு எழுதிப் போட்டதுதான் இந்தச் சாப்பாட்டு விண்ணப்பம். கோதுமை ரவை, எண்ணெய், பால் பவுடர் சர்க்கார் தரும். விறகும் உப்பும் மிளகாயும் சமைக்கிற கையும் நம்முடையது.

இதற்கிடையில் சிவசுப்பிரமணியம் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சாப்பாடு வந்தால் குடோன் பிள்ளைகளுக்கு. வராவிட்டால் தை பிறந்ததும் அங்கே நாலு தறி. வரவே வராது என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு. அப்படிப்பட்ட வாக்குகளைத்தான் அவர் தாராளமாகக் கொடுப்பார்.

ஆபீசரம்மா வரும் தேதியைச் சொல்லிக் கடுதாசி வந்தபோது ரங்காத்தாள் அதை வீதி முழுக்கப் படித்துக் காட்டினாள். எல்லாரும் இங்கிலீஷ் தேதியைத்தான் கேட்டுக்கொண்டார்கள். அது எந்தத் திதி என்று பார்த்தவர் எவருமில்லை. பசுமாடு வாங்கக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள், சர்க்கார் ஆபீசருக்கு எதற்குப் பார்க்கப் போகிறார்கள்.

ரங்காத்தாள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பெரிய வீட்டு வாசலில் ஜானகியம்மாள் உட்கார்ந்து வாழைத்தண்டு அரிந்துகொண்டிருந்தாள். சிவசுப்பிரமணியத்தின் மனைவி, ரங்காத்தாளுக்கு ஓரகத்தி. அவள் கையில் அரிவாள்மனை இல்லாத நேரத்திலும் இருப்பதுபோலத்தான் பேசுவாள் என்பது ஊரறிந்த விஷயம்.

"எங்க கெளம்பிட்ட வெடியால?"

"புள்ளைகளக் கூட்டியாறனுங்கக்கா. இன்னிக்கு ஆபீசரம்மா வர்றாங்க."

"இன்னிக்கு அமாவாசை."

"தெரியுமுங்கக்கா."

"எப்பத் தெரிஞ்சுது?"

ரங்காத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உளுந்து ஊறிட்டுக் கெடக்குது. ஆட்ட ஆளில்ல. படையல் உன்ற புருசனுக்கு, என்ற புருசனுக்கு இல்ல. அவரு குத்துக்கல்லாட்டம் உள்ளதான் உக்காந்திருக்காரு."

"ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றனுங்கக்கா."

"போ அம்மிணி, போ. செத்தவனுக்குச் சோறு போட நேரமில்ல. ஊரான் புள்ளைக்குப் போட நேரமிருக்குது."

 ரங்காத்தாள் நடந்தாள். அந்த வார்த்தை முதுகில் முள்ளாக ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

சுப்பாத்தாள் வாசல் கல்லில் மூத்தவள் வேலுமணியை உட்கார வைத்துத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். சின்னது பக்கத்தில் கோவணம்கூட இல்லாமல் சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் போதும் சுப்பாத்தா. அந்தம்மா வந்து தலைய எண்ணிட்டுப் போனதீம் கொண்டாந்து உட்டர்றேன்."

சுப்பாத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான் போறப்பவும் இருட்டு, வாறப்பவும் இருட்டு. மாசத்துல இந்த ஒருநாத்தான் எம்புள்ளைக மூஞ்சிய வெளிச்சத்துல பாக்கறேன்."

 ரங்காத்தாள் வேலுமணியின் ஈரத்தலையைத் தொட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

நல்லம்மாள் வீட்டில் மாமனாருக்குப் படையல். அது முடியாமல் பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாதாம். அதற்கடுத்த வீட்டில் பிள்ளையை மருதமலைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அதற்கும் அடுத்த வீட்டில், 'சர்க்கார் சோறு நெசமா வருதுங்களா, இல்ல எலக்சனுக்குச் சொல்றதுங்களா' என்று கேட்டார்கள்.  இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் விண்ணப்பத்தைப் பிரிக்கவே மாட்டார்களாம். அவள் கையில் இதுவரை சேர்ந்தது நாலு. அதிலும் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலைக்குப் போகும் சைதுன்னிசா, தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரட்டைப் பையன்கள் இடுப்புக்கு ஒன்றாகத் தொங்கினார்கள்.

"எங்க ஊட்டுல அமாவாசை இல்லீங்கக்கா, லீவு மட்டும்தான் உண்டு. எங்க மொதலாளியும் தறிக்கார வம்சமாச்சுங்களே. இந்தாங்க, இது ரெண்டு. மீதிய நான் கேக்கறேன்."

"நானே கேட்டுட்டுத்தான் வாறேன் சைதூ."

"நீங்க எங்கீங்க கேட்டீங்க. கெஞ்சினீங்க. கெஞ்சினா எவ குடுப்பா."

அவள் நேராகச் சுப்பாத்தாள் வாசலில் போய் நின்றாள். வீதியின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல் அவளுக்கு. கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியது.

"ஏனுங்க சுப்பாத்தா, ஆபீசரம்மா வந்து காலிக் குடோனப் பாத்துட்டுப் போயிட்டாங்கன்னா, தை மாசத்துலிருந்து புள்ளைய முதுகுல கட்டிட்டுத் தாரு சுத்துங்க. நானும் இதுக ரெண்டையும் மொதலாளி மேசை மேல உக்கார வெச்சுட்டு மடிக்கறேன். அவரு கொஞ்சிக்கட்டும். இன்னிக்கு ஒருநா மூஞ்சியப் பாத்துட்டு, அப்புறம் வருசம் பூராவும் என்ன பண்றதுன்னு ரோசனை பண்ணிக்குங்க."

சுப்பாத்தாள் சேற்றுப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக் காலைக் கழுவினாள்.

ஒரு வாசல் திறந்தால் போதும். வீதியில் மற்ற வாசல்கள் மானத்துக்காவது திறக்கும். நல்லம்மாள்கூடக் கடைசியில் வந்தாள். மகன் தோளைப் பிடித்து நிறுத்தி, காதுக்குள் ஏதோ சொல்லி அனுப்பினாள். அவள் மட்டுமில்லை. வந்த ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். 'சேட்டை பண்ணாதே' என்றுதான் சொல்கிறார்கள் என்று ரங்காத்தாள் நினைத்துக்கொண்டாள்.

ஆபீசரம்மா குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். ஒல்லியான உடம்பு, கறுப்புச் சட்டக் கண்ணாடி, வெயில் ஏறுவதற்கு முன்பே விரித்த குடை. வண்டிக்காரனைப் போகச் சொல்லவில்லை. திரும்பக் கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். கூட வந்த பியூன் ஒரு சிறிய மூட்டையை இறக்கி வைத்தான். உள்ளே அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவை.

அவள் பிள்ளைகளை எண்ணினாள். நெற்றியில் திருநீறு, தலையில் ஈரம், சட்டையில் பெட்டி மடிப்பு. இருபத்தாறு. இரட்டையர்கள் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்ததால் இரண்டு தரம் எண்ண வேண்டியதாயிற்று. பிறகு வாசலில் கும்பலாக நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"இவங்க எல்லாம் யாரு?"

"புள்ளைகளோட அம்மாமாருங்க."

"வேலைக்குப் போகலையா?"

"இன்னிக்கு லீவுங்க."

"அம்மா வீட்டில இருக்கிற நாள்ல குழந்தையை எதுக்கு இங்க விட்டிருக்காங்க?"

ரங்காத்தாளை முந்திக்கொண்டு வாசலிலிருந்து சைதுன்னிசா சொன்னாள்: "பழகிப்போச்சுங்க. லீவு நாள்லயும் இங்கதான் வரோணுமுன்னு அழுகுதுங்க."

அழுதுகொண்டிருந்த பிள்ளை அந்த நேரம் பார்த்து, 'ஊட்டுக்குப் போறேன்' என்று அலறியது. ஆபீசரம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சரி, சமையுங்க. குழந்தைங்க இதைச் சாப்பிடுறாங்களான்னு நான் கண்ணால பார்க்கணும். போன வாரம் ஒரு ஊர்ல மூட்டை மூட்டையா வாங்கி மாட்டுக்கு வெச்சிருந்தாங்க."

அனுப்பர்பாளையத்துப் பித்தளை அண்டா ஒன்று ரங்காத்தாளின் சீராக வந்து மூலையில் கிடந்தது. அதை எடுத்துத் துலக்கி அடுப்பில் ஏற்றினாள். வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, ரவையைக் கொட்டிக் கிளறினாள். ஆபீசரம்மா பக்கத்திலேயே நின்று தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள். ரங்காத்தாளின் நகத்தைப் பார்த்தாள். தாளிப்பு வாசம் கிளம்பியதும் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் அடுப்புப் பக்கமாக ஒருசேரச் சாய்ந்தன. ரங்காத்தாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தட்டுகளில் உப்புமா விழுந்தது. இரட்டையர்கள் தட்டோடு தட்டாகக் கவிழ்ந்தார்கள்.

மற்ற பிள்ளைகள் தொடவில்லை.

இருபத்து நாலு பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எச்சில் விழுங்கியது தெரிந்தது. ஒரு பொடிசு தட்டுக்கு விரலைக் கொண்டுபோனது. பக்கத்திலிருந்த வேலுமணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் கண்ணு திங்கல? உங்கலாமல்லோ?" ரங்காத்தாள் குனிந்து கேட்டாள். 

"காக்காய்க்கு வெக்கலீங்க," என்றாள் வேலுமணி. "காக்காய்க்கு வெக்காம வாயில வெச்சா எங்கம்மா சூடு போட்டுரும்."

வாசலில் காதுக்குக் காது சொன்னது என்ன என்று இப்போது விளங்கிற்று. ஒவ்வொரு வீட்டிலும் படையல் பாதியில் நின்றிருந்தது. செத்துப்போன பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளை வாயில் சோறு போகக் கூடாது. ரங்காத்தாள் வாசலைப் பார்த்தாள். சுப்பாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். நல்லம்மாள் கூரையைப் பார்த்தாள். 'தின்னு சாமி' என்று ஒருத்தி சொன்னால் போதும். ஆனால் அத்தனை பேர் காதில் விழ, அமாவாசையும் அதுவுமாக, முதலில் சொல்பவள் யார்? அந்தி சாய்வதற்குள் அது மாமியார் காதுக்குப் போய்விடுமே. கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கு அந்த வீதியில் பஞ்சமே இல்லை.

ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்க வீட்டிலயும் காக்காய்க்கு வைக்கிறதுதான். எனக்குத் தெரியாததில்லை. ஆனா ரிப்போர்ட்டுல காக்காயை எழுத முடியாதும்மா. இருபத்தாறுல ரெண்டு குழந்தை சாப்பிட்டதுன்னுதான் எழுத முடியும். பசி இல்லாத குழந்தைக்கு எதுக்குச் சாப்பாடுன்னு மேல கேட்பாங்க."

"பசி இல்லாம இல்லீங்க."

"நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும்."

வெளியே குதிரை மணியை ஆட்டியது.

ரங்காத்தாள் ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து ஒரு கரண்டி உப்புமாவை அதில் வைத்தாள். குடோனின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. அதில் ஏறி, அங்கிருந்து மதில்மேல் காலை வைத்து, ஓட்டுக்கூரையின் ஓரத்தில் இலையை வைத்தாள். வீதி மொத்தமும் பின்னாலேயே வந்துவிட்டது. ஆபீசரம்மாவும் குடையோடு வந்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரருக்குங்க," என்று ரங்காத்தாள் கீழே பார்த்துச் சொன்னாள். "குடோன்ல ஆக்குனதுக்கு இந்த ஒரு எலை போதும். அவரு உங்கட்டும். அப்புறம் புள்ளைக உங்கட்டும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வழி சாஸ்திரத்தில் உண்டா என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"கா... கா..." என்று கூப்பிட்டாள்.

"கா... கா..." என்று எதிர்க்குரல் வந்தது.

குடோனை ஒட்டியதுதான் பெரிய வீடு. அதன் மொட்டை மாடியில் சிவசுப்பிரமணியம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கைப்பிடிச் சுவரில் முழு இலை. சோறு, பருப்பு, வாழைத்தண்டுப் பொரியல், வடை, பாயசம். பக்கத்தில் ஜானகியம்மாள், கையில் வடைத்தட்டு. வெகுநேரமாகக் கூப்பிட்டும் ஒரு காக்கையும் வரவில்லை போலிருக்கிறது. அவர் குரல் கம்மியிருந்தது.

தம்பி பெண்டாட்டியை மதில்மேல் பார்த்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது. தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன வெச்சிருக்குதுன்னு கேளு."

ஜானகியம்மாள் எட்டிப் பார்த்தாள். "கோதுமை உப்புமாவாட்ட இருக்குதுங்க."

"எந்தம்பிக்கு அமெரிக்காக் கோதுமை. அதுவும் உப்புமா." அவர் கீழே நின்ற கும்பலுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "அவன் உசுரோட இருந்தப்பவே உப்புமான்னா எந்திரிச்சுப் போயிருவான். எடுக்கச் சொல்லு."

ரங்காத்தாள் எடுக்கவில்லை.  "காலைல இருந்து அவருக்கு எதும் வெக்கலீங்கக்கா," என்று ஜானகியம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "என்ற கையால ஆக்குனது இன்னிக்கு இதுதான் இருக்குது."

மின்சாரக் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்த வீதிக்கு விஷயம் புரிந்தது. இரண்டு இலை. ஒரு காக்கை. செத்துப்போன மயில்சாமி வந்து யார் பக்கம் என்று சொல்லப் போகிறான். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. சாமியப்பன்கூட இருமலை அடக்கிக்கொண்டான்.

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பறந்து மொட்டை மாடிச் சுவரில் இறங்கியது. சிவசுப்பிரமணியத்தின் முகம் மலர்ந்தது. அது வடையை ஒரு தரம் பார்த்தது. பாயசத்தை ஒரு தரம் பார்த்தது. இரண்டு தத்துத் தத்தியது. பிறகு எழும்பி, மதிலைத் தாண்டி, ரங்காத்தாளின் கைக்கெட்டும் தூரத்தில் ஓட்டின்மேல் இறங்கி, உப்புமாவைக் கொத்தியது.

இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் சிந்தும் கஞ்சிப் பருக்கையைத் தின்று அந்தக் கூரையிலேயே குடியிருக்கும் காக்கை அது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். அன்று அந்த இடத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை.

"மயில்சாமி வந்துட்டானுங்க," என்றாள் நல்லம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள ஓடு வேலுமணி," என்றாள் சுப்பாத்தாள். "உங்கு. எல்லாத்தையும் உங்கச் சொல்லு."

குடோனுக்குள் தட்டுச் சத்தம் கேட்டது. பேச்சே இல்லை, தட்டுச் சத்தம் மட்டும். ஆபீசரம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுப்பாத்தாளின் சின்னது தட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து நக்கியது. அந்த அம்மாள் குடையை மடக்கிப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"என் பக்கத்து வேலை முடிஞ்சுது. அடுத்த மாசத்திலிருந்து மூட்டை வரும். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. சாப்பாடு போட ஆரம்பிச்ச பிறகு இடத்தைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. மூணு வருஷத்துக்கு இடத்தைத் தர்றதாச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். இடம் யார் பேர்ல இருக்கு?"

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன.

சிவசுப்பிரமணியம் மாடிப்படி இறங்கி வந்தார். பின்னால் ஜானகியம்மாள், வடைத்தட்டைக் கீழே வைக்கவும் மறந்து. கோயில் வாசலில் கொடுத்த வாக்கு. கேட்ட நாலு பேரில் மூன்று பேர் அங்கேயே நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"என்ற பேர்லதானுங்க. போடறதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. மூணு வருசங்கறதுதான் கொஞ்சம்... ரோசிச்சுச் சொல்றனுங்க."

"உங்க பேர்ல மட்டும்தானே?"

"ஆமாங்க."

"இல்லீங்க," என்றாள் ஜானகியம்மாள்.

அவர் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூரையில் இன்னும் கொத்திக்கொண்டிருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாமனாரு எழுதி வெச்சப்பவே ரெண்டு பேரு பேர்லயும்தான் எழுதுனாருங்க. பாதி என்ற கொழுந்தனோடது. இன்னிக்கு என்னால பொய் சொல்ல முடியாதுங்க. அவரு கேட்டுட்டு உக்காந்திருக்காரு."



ரங்காத்தாள் மதிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியின் விளிம்பில் ஒரு கால், தரையில் ஒரு கால். அப்படியே நின்றாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு பண்டிகைக்கும் பெரிய வீட்டுக்குப் போய், 'இன்னும் ஆறு மாசம் உடுங்கக்கா' என்று கேட்டு வாங்கிய இடம் அது. ஓடு மாற்றக் கேட்டபோது, 'அடுத்தவங்க எடத்துல எதுக்குச் செலவு பண்றே' என்று பதில் வந்த இடம்.

"அப்ப அவர் பங்கு இப்ப இவங்களோடது," என்றாள் ஆபீசரம்மா. அவளுக்கு இது சாதாரண விஷயம். "ரெண்டு பேரும் போட வேண்டியதுதான். திங்கட்கிழமைக்குள்ள காகிதம் ஆபீஸுக்கு வந்துடணும். அதுக்கப்புறம் அடுத்த வருஷம்தான்."

பேனாவை நீட்டினாள். யாரைப் பார்த்து நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் நீட்டினாள்.

"ஊட்டுல உக்காந்து பேசிக்கலாம்," என்றார் சிவசுப்பிரமணியம். முதல்முறையாக நேராக ரங்காத்தாளிடமே பேசினார். "அவசரப்பட வேண்டாம், அம்மிணி."

ரங்காத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். வைத்து எழுத இடமில்லை. சைதுன்னிசா திரும்பி நின்று முதுகைக் கொடுத்தாள். அந்த முதுகின் மேல் காகிதத்தை விரித்து, எட்டாம் வகுப்பு வரை படித்த கை, ஒவ்வொரு எழுத்தாக எழுதியது: ம. ரங்காத்தாள்.

"சொந்தக்காரர்ங்கற எடத்துலதானுங்களே போடோணும்?" என்று கேட்டுக்கொண்டாள்.

"அங்கேதான்."

பக்கத்துக் கோடு காலியாக இருந்தது. அவள் பேனாவை மூடவில்லை. சிவசுப்பிரமணியத்தின் பக்கமாக நீட்டினாள்.

அவர் பேனாவைப் பார்க்காமல், குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். படையல் போட்டவர் வெறுங்காலோடு இறங்கி வந்திருந்ததை வீதியில் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.